படத்தில் இருப்பவரின் சொல்லுரிமை

விழிப்புணர்வுக்காக மனிதர்களைப் படம் எடுக்கும் வழக்கம் புகைப்படக் கலையோடு சேர்ந்தே வளர்ந்தது. அதன் பெரும்பகுதிக் காலம், படத்தில் இருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. 1850களில் இங்கிலாந்தின் சர்ரே மாவட்ட மனநலக் காப்பகத்தில் மருத்துவர் ஹியூ டைமண்ட் அங்கிருந்த பெண் நோயாளிகளை உட்காரவைத்துப் படமெடுத்தார். மனநோயை அறியப் புகைப்படம் எப்படி உதவும் என்று 1856இல் ராயல் சொசைட்டியில் கட்டுரையும் வாசித்தார். 1870களில் லண்டனில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய தாமஸ் பர்னார்டோ, இல்லத்துக்கு வருமுன் கந்தலில் ஒன்று, வந்தபின் கைத்தொழில் பழகும் கோலத்தில் ஒன்று என்று ஜோடிப் படங்களை அச்சிட்டு விற்று நிதி திரட்டினார். ‘முன்’ படத்துக்காகக் குழந்தைகளின் உடையை வேண்டுமென்றே கிழித்தார்கள் என்ற புகார் 1877இல் நடுவர் விசாரணைவரை போனது. அதே காலத்தில், நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன 1876–78 பஞ்சத்தின்போது, சென்னை மாகாணத்தில் இருந்த ராணுவ அதிகாரி வில்லபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமாய் வந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக வரிசையில் உட்காரவைத்துப் படமெடுத்தார். படமெடுத்ததோடு சரி, அவர்களுக்கு உதவவில்லை என்ற கண்டனம் அப்போதே எழுந்தது.

இந்த மூவரின் வாரிசுகளும் இன்று நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள். நலத்திட்ட உதவி வழங்கும் விழாப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தையல் இயந்திரத்தின் மேல் ஐந்து பிரமுகர்களின் கைகள் இருக்கும். அதை வாங்கிக்கொள்ளும் அம்மாள் ஓரமாக, எந்தக் கேமராவைப் பார்ப்பது என்று தெரியாமல், பாதி முகத்தோடு நிற்பார். பிரமுகர்கள் ஐவரின் பெயரும் படத்தின் கீழே இருக்கும். அம்மாள் வெறும் ‘பயனாளி’. அறுவை சிகிச்சைக்கு நிதி கேட்டுக் கைபேசியில் வந்து விழும் விளம்பரங்களில், மூக்கில் குழாயோடு கிடக்கும் குழந்தையின் முகத்தை முன்பின் தெரியாத லட்சம் பேர் பார்க்கிறார்கள். நோக்கம் நல்லது என்பதால் இவற்றை நாம் கேள்வி கேட்பதில்லை. பர்னார்டோவின் நோக்கமும் நல்லதுதான்.

இதற்கு மாற்றான ஒரு வழி கடந்த ஐம்பது ஆண்டுகளில் பல நாடுகளில் உருவாகியிருக்கிறது. எங்கே நிற்பது, எதை உடுத்துவது, எடுத்தவற்றுள் எதைத் தேர்வது, கீழே என்ன எழுதுவது, எங்கே மாட்டுவது ஆகிய முடிவுகளில் படத்தில் இருப்பவரும் சமபங்கு வகிப்பது அந்த வழி. இதைக் கூட்டு உருவப்படம் என்று அழைக்கலாம். எச்.ஐ.வி., புற்றுநோய், மரபணுக் குறைபாடு, வீடின்மை, நச்சுக் கழிவு என்று பல பிரச்சினைகளில் இது பரீட்சிக்கப்பட்டிருக்கிறது. வெற்றியும் உண்டு, சறுக்கலும் உண்டு. இவற்றை வரிசையாகப் பார்த்துவரும்போது, பொத்தானை அழுத்தியவர் யார் என்பது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. படம் ஊருக்குப் போன பிறகும் அதில் இருப்பவரின் சொல் எடுபடுகிறதா என்பதில்தான் இந்த முயற்சிகளின் தரம் பிரிகிறது.

விவாதம் வெளிப்படையாக வெடித்தது எய்ட்ஸ் காலத்தில். 1988இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நிக்கலஸ் நிக்ஸனின் உருவப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. எய்ட்ஸ் நோயாளிகளை மாதக்கணக்கில் தொடர்ந்து எடுத்த வரிசையும் அதில் இருந்தது. நிக்ஸன் திருட்டுத்தனமாக எடுத்தவர் அல்ல. அனைவரிடமும் சம்மதம் பெற்றவர், பலரோடு நெருங்கிப் பழகியவர். ஆனால் சுவரில் அந்த வரிசையைப் பார்ப்பவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒவ்வொரு படத்திலும் உடல் இன்னும் கொஞ்சம் மெலிகிறது, கடைசியில் ஆள் இல்லை. எய்ட்ஸ் நோயாளிகளின் உரிமைக்காகப் போராடிய ஆக்ட் அப் இயக்கத்தினர் காட்சிக்கூடத்துக்குள்ளேயே அமர்ந்து துண்டறிக்கை கொடுத்தார்கள். எங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நாங்கள் சொல்வதைக் கேளுங்கள் என்பது அதன் சாரம். நோயாளி மெலிவதற்கு வைரஸ் மட்டும் காரணமில்லை. மருந்தைத் தாமதிக்கும் அரசும், வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் உரிமையாளரும், காப்பீடு மறுக்கும் நிறுவனமும் காரணம். அவர்கள் யாரும் படத்தில் இல்லையே என்று கேட்டார்கள். கோபப்படும், காதலிக்கும், போராடும் நோயாளிகளின் படங்கள் எங்கே என்றும் கேட்டார்கள். சம்மதம் பெறுவது வேறு, சேர்ந்து செய்வது வேறு என்பது அன்று பொதுமேடைக்கு வந்தது.

இதற்கு எதிர்த்திசையில் நிற்கும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1990இல் ஓஹையோ மாநிலத்தில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பராமரித்த இல்லமொன்றில், டேவிட் கர்பி என்ற இளைஞர் இறக்கும் தறுவாயில் தந்தை அவர் தலையை அணைத்துக்கொண்டிருக்கும் காட்சியை தெரஸ் ஃப்ரேர் என்ற மாணவி எடுத்தார். கர்பி ஏற்கனவே எய்ட்ஸ் செயற்பாட்டாளர். சொந்த லாபத்துக்கு இல்லையென்றால் எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தார். லைஃப் இதழில் படம் வெளிவந்தது. 1992இல் பெனட்டன் துணி நிறுவனம் அதற்கு வண்ணம் தீட்டி விளம்பரமாக்கியது. தேவாலயத்தரப்பும் எய்ட்ஸ் செயற்பாட்டாளர்களில் ஒருசாராரும் கொதித்தார்கள். சட்டை விற்கச் சாவா? ஆனால் அனுமதி கொடுத்தவர்கள் பெற்றோர். நிறுவனம் எங்களைப் பயன்படுத்தவில்லை, மகனின் கதையை உலகுக்குச் சொல்ல நாங்கள்தான் அந்த நிறுவனத்தைப் பயன்படுத்திக்கொண்டோம் என்பது தந்தையின் நிலை. அந்த விளம்பரம் எனக்கு இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் உறுத்தலைவிடப் பெற்றவர்களின் முடிவுக்கு எடை அதிகம் என்பதை மறுக்க முடியவில்லை.

நம் ஊரில் இந்த நோயின் கதை முகமில்லாமல்தான் தொடங்கியது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால். அதன்பின் வந்த சுவர் விளம்பரங்களில் மண்டையோடு இருந்தது, அபாயக் குறி இருந்தது, மனிதர் இல்லை. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடெங்கும் பலகைகளில் புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்ற கேள்வி தொங்கியது. நன்றாகப் பேசப்பட்ட விளம்பரம்தான். கூடவே, ராஜா என்று பெயர் வைத்த பாவத்துக்கு எத்தனையோ பேர் டீக்கடையில் மாட்டிக்கொண்டார்கள். அதற்கு முன்பே நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா தனக்குத் தொற்று இருப்பதை முகம் மறைக்காமல் சொல்லி, 1998இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். எந்த விளம்பரப் பலகையாலும் செய்ய முடியாததை அவரைப் போன்றவர்களின் முகங்கள் செய்தன. அந்த முகத்தை எப்போது, எந்த மேடையில் காட்டுவது என்று தீர்மானித்தவர்கள் அவர்களே.

ஒரே புகைப்படக்காரரின் வாழ்க்கையில் இந்த மாற்றம் நடந்ததையும் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிடியன் மெண்டல், 1993இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் எய்ட்ஸ் வார்டில் படமெடுத்தார். அடையாளம் தெரியும்படி எடுக்கச் சம்மதித்தவர்கள் நால்வரே. பயனுள்ள மருந்து வருவதற்குச் சில ஆண்டுகள் முந்திய காலம். நால்வரும் விரைவில் இறந்துபோனார்கள். பின்னர் ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் இதே வேலை. 2007 தொடங்கி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் கியரோடு சேர்ந்து அவர் தன் கேமராவை எதிர்ப்பக்கம் கொடுத்தார். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கே பயிற்சி தந்து தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எடுக்கவைக்கும் ‘த்ரூ பாசிட்டிவ் ஐஸ்’ திட்டம் மெக்சிகோ நகரம், ரியோ, ஜோகன்னஸ்பர்க், பாங்காக், மும்பை என்று நகரம் நகரமாகப் போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் பங்கேற்றார்கள். அந்தத் தொகுப்பில் மாத்திரை டப்பா இருக்கிறது, காதலர் இருக்கிறார், சமையலறை இருக்கிறது. நோய்க்கு வெளியே இருக்கும் வாழ்க்கைதான் அதிகம். வெளியிலிருந்து வரும் புகைப்படக்காரர் வாழ்க்கையைத் தாண்டிப்போய் நோயைத் தேடுகிறார் என்பது இந்த ஒப்பீட்டில் பளிச்சென்று தெரியும்.

நோயாளியே கேமராவைக் கையிலெடுத்ததற்கு முன்னோடி என்று பிரிட்டனின் ஜோ ஸ்பென்ஸைச் சொல்லவேண்டும். தொழில்முறைப் புகைப்படக்காரரான அவருக்கு 1982இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது, மாணவர்கள் புடைசூழ வந்த மருத்துவர் இவரது மார்பின் மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அது அகற்றப்பட இருந்த மார்பு. அறுவைக்கு முன் ஸ்பென்ஸ் தன் நண்பர் டெரி டென்னட்டுடன் சேர்ந்து ஒரு படம் எடுத்தார். மார்பின் மேல் எழுத்து: இது ஜோ ஸ்பென்ஸின் உடைமை. கடைசியில் ஒரு கேள்விக்குறி. தன் உடலில் தனக்குச் சொல்லுரிமை உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள, அந்தப் படத்தை மருத்துவமனைக்குள் கொண்டுபோனார். பிறகு ரோஸி மார்ட்டினோடு சேர்ந்து, ஒருவர் நடிக்க மற்றவர் எடுக்க, மாற்றி மாற்றிச் செய்யும் ‘ஒளிப்பட சிகிச்சை’ முறையை உருவாக்கினார். மருத்துவர் முன் குழந்தையாகிப்போகும் தன்னை, அம்மாவின் முன் நிற்கும் தன்னை, அவர் திரும்ப நடித்துப் பார்த்தார். 1992இல் ரத்தப் புற்றுநோயில் இறக்கும்வரை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்களில் அழகு குறைவு, சில அசட்டுத்தனமாகக்கூடத் தெரியும். ஆனால் ஒரு நோயாளியின் வாதம் இவ்வளவு தெளிவாகப் படமானது அரிது.

கூட்டாகச் செய்வதென்றால் நடைமுறையில் என்ன? லண்டனில் ஆண்டனி லுவேரா 2002 முதல் வீடற்றவர்களோடு செய்துவரும் ‘உதவியோடு எடுத்த தன்னுருவப்படம்’ இதற்கு நல்ல விளக்கம். படத்துக்கான இடத்தை அதில் இருக்கப்போகிறவரே தேர்வார். தான் படுத்துறங்கிய பாலத்தடியாக இருக்கலாம், சிறுவயதில் விளையாடிய பூங்காவாக இருக்கலாம். முக்காலியில் நிற்பது பழைய பாணியில் தாள் தாளாகப் பிலிம் போடும் பெரிய கேமரா. கைப்பேசியில் எடுப்பதுபோல் ஒரு நொடியில் அதில் எடுத்துவிட முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் நிமிடக்கணக்கில் ஏற்பாடு வேண்டும். லுவேரா சொல்லிக்கொடுப்பார், ஃபிளாஷைப் பிடிப்பார். முதலில் ஒரு போலராய்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் பேசுவார்கள்: தலை சற்று நிமிரட்டுமா, பின்னால் அந்தக் கடைப்பலகை தெரியவேண்டுமா? பின்னர் நீண்ட கம்பியின் முனையிலிருக்கும் விசையை அவரே அழுத்துவார். இது பல சந்திப்புகளில் நடக்கும். கடைசியில் எந்தப் படம் கண்காட்சிக்குப் போகவேண்டும் என்பதையும் இருவரும் உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். மெதுவான கருவி இங்கே ஒரு வசதி. பேச நேரம் கிடைக்கிறது.

வேறு சிலர் வேறு வழிகளைக் கண்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1977 முதல் 1985 வரை ஜிம் கோல்ட்பர்க், மலிவு விடுதிகளின் ஏழைகளையும் மாளிகைகளின் செல்வந்தர்களையும் எடுத்து, படத்தை அவர்களிடமே கொடுத்து அதன் ஓரத்தில் எழுதச் சொன்னார். கோணல் எழுத்தும் பிழையும் அப்படியே புத்தகத்தில் வந்தன. பார்ப்பவர் தன் இரக்கத்தை ஊற்றுவதற்கு முன்பே படத்தில் இருப்பவர் பேசிவிடுகிறார். நியூயார்க்கின் ஃபேஷன் புகைப்படக்காரர் ரிக் கைடோட்டி, 1997இல் பேருந்து நிறுத்தமொன்றில் அல்பினிசம் எனும் பிறவி நிறமின்மை உள்ள ஒரு பெண்ணைப் பார்த்து வியந்தார். மருத்துவ நூல்களில் தேடினால் சுவரோரம் நிறுத்தி, கண்களில் கறுப்புப் பட்டை ஒட்டிய படங்கள்தான் கிடைத்தன. அவர் தன் ஸ்டூடியோவுக்கு அழைத்த முதல் பெண் பள்ளியில் கேலிக்கு ஆளாகி ஆளாகித் தோள் குனிந்து வந்து நின்றாள். விளம்பர அழகிகளுக்கு வைக்கும் அதே விளக்கு, அதே காற்றாடி வைத்து, அவள் கையில் கண்ணாடியைக் கொடுத்து அவளையே பார்க்கச் சொன்னார். அவர் தொடங்கிய ‘பாசிட்டிவ் எக்ஸ்போஷர்’ அமைப்பின் படங்கள் இன்று மருத்துவ மாணவர்களுக்கான பாடத்தில் இடம்பெறுகின்றன. அழகு என்ற அளவுகோலை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் ஆட்களைச் சேர்க்கிறாரே என்று விமர்சிக்கலாம்தான். கண்பட்டைப் படங்களோடு ஒப்பிட்டால் அந்த விமர்சனம் சிறிதாகிவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் ஜனெலே முஹோலி 2006இல் தொடங்கிய ‘ஃபேசஸ் அண்ட் ஃபேசஸ்’ (முகங்களும் பருவங்களும்) வரிசை இந்தத் துறையின் மிகப் பெரிய சாதனை என்பது என் கருத்து. தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்ட அதே ஆண்டில், அதே நாட்டில், கறுப்பினத் தன்பால் ஈர்ப்புப் பெண்கள் ‘திருத்தும்’ நோக்கில் வன்புணர்வு செய்யப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். முஹோலி அவர்களில் ஒருவராக நின்று கறுப்பு வெள்ளையில் நேர்ப்பார்வையாக எடுத்தார். ஆண்டுகள் கழித்து அதே ஆட்களிடம் திரும்பிப்போய் மறுபடி எடுத்தார். படங்கள் ஐந்நூறைத் தாண்டின. கண்காட்சிச் சுவரில் கட்டம் கட்டமாக மாட்டும்போது சில கட்டங்கள் காலியாக விடப்படும். இறந்துபோனவர்களுக்கும் இன்னும் வராதவர்களுக்கும் உரிய இடங்கள் அவை.

பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் வேறொரு பாதையில் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1992இல் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் 62 கிராமத்துப் பெண்களிடம் கேமரா கொடுத்தார்கள். வயலில் வேலை செய்யும் தாய், வரப்பில் தனியாகக் கிடக்கும் குழந்தை போன்ற படங்களை அவர்கள் எடுத்து, கூடி உட்கார்ந்து பேசி, அதிகாரிகளிடம் காட்டினார்கள். குழந்தைக் காப்பகம், பேறுகாலப் பராமரிப்பு, பெண் குழந்தைகளுக்கான கல்வி உதவி ஆகியவற்றில் அதன் விளைவு தெரிந்தது. ஃபோட்டோவாய்ஸ் என்று பெயர்பெற்ற இந்த முறை இன்று உலகெங்கும் பல்கலைக்கழக ஆய்வுகளில் புழங்குகிறது. புழங்கப் புழங்க நீர்த்தும் போயிருக்கிறது. இரண்டு நாள் பயிற்சி, ஒரு கண்காட்சி, அறிக்கையில் சில படங்கள் என்று முடிந்துவிடும் திட்டங்கள் ஏராளம். 2010இல் கட்டலானி, மிங்க்லர் இருவரும் 37 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, ஊருக்கும் ஆய்வாளருக்கும் நீண்டகால உறவு இருந்த இடங்களில்தான் பங்கேற்பு ஆழமாக இருந்தது தெரியவந்தது.

கேமராவைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்குக் கொல்கத்தாவின் சோனாகாச்சி சாட்சி. அங்குள்ள பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்த கதையைச் சொல்லும் ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ ஆவணப்படம் 2005இல் ஆஸ்கர் வாங்கியது. பிள்ளைகள் எடுத்த படங்கள் உண்மையிலேயே அபாரம். ஆனால் எச்.ஐ.வி. தடுப்புக்காக உலகமே பார்த்துப் பாடம் கற்ற, தாங்களே சங்கம் நடத்திய அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள், ஆவணப்படத்தில் பொறுப்பற்றவர்களாக மட்டுமே தெரிந்தார்கள். அவர்களின் சங்கமான துர்பார் இதைக் கண்டித்தது. பிள்ளைகளின் படங்கள் பிள்ளைகளுடையவை. அவற்றைக் கோத்துச் சொன்ன கதை அவர்களுடையதாகவோ அவர்களின் தாய்மார்களுடையதாகவோ இல்லை.

இனி மினமாட்டா. படத்தைத் திரும்பப் பெறும் உரிமை பற்றிப் பேச இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. ஜப்பானின் அந்தக் கடலோர ஊரில் சிஸோ ரசாயன ஆலை கழித்துவிட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குள் போனது. 1956இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1971இல் புகைப்படக்காரர் யூஜீன் ஸ்மித்தும் அவர் மனைவி அய்லீனும் அங்கே குடியேறி மூன்றாண்டு தங்கினார்கள். கருவிலேயே பாதரசம் தாக்கிய மகளைத் தாய் மடியில் ஏந்திக் குளிப்பாட்டும் படம் அந்த ஆண்டு டிசம்பரில், தாயின் சம்மதத்தோடு எடுக்கப்பட்டது. வயிற்றிலிருந்த விஷத்தையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு, தன்னையும் பின்னால் பிறந்தவர்களையும் காப்பாற்றிய செல்வம் என்று அந்தத் தாய் மகளைச் சொல்வார். 1972 ஜூனில் லைஃப் இதழில் வெளிவந்ததும் உலகம் மினமாட்டாவைத் திரும்பிப் பார்த்தது. தொழிற்சாலைக் கழிவைப் பற்றி அதைவிட வலுவாகப் பேசிய படம் இன்னும் வரவில்லை.

வீட்டில் நடந்தது வேறு. பேட்டி கேட்டு வருகிறவர்கள் ஓயவில்லை. மகளின் படத்தை வைத்து இவர்கள் காசு பார்க்கிறார்கள் என்று அக்கம்பக்கம் பேசத் தொடங்கியது. போராட்டத்துக்குப் பயன்படட்டும் என்று கொடுத்தவர்களுக்கு, படத்தில் காசு இருக்கும் என்ற எண்ணமே வந்ததில்லை என்று தந்தை பின்னாளில் எழுதினார். ஊர் வாயை மூட உலை மூடி கிடையாது என்பது ஜப்பானிலும் உண்மைதான். 1977இல், இருபத்தொரு வயதில், மகள் இறந்தார். அதற்குப் பிறகும் துண்டறிக்கையிலும் புத்தகத்திலும் தொலைக்காட்சியிலும் படம் வந்துகொண்டே இருந்தது. அவளை இனியாவது ஓய்வெடுக்க விடலாமே என்று பெற்றோர் கேட்டார்கள். 1998இல் அய்லீன் ஸ்மித் அவர்களைப் போய்ப் பார்த்து, படத்தைப் பற்றிய முடிவை அவர்களிடமே ஒப்படைத்தார். அருங்காட்சியகங்களும் பதிப்பகங்களும் அனுமதி கேட்டால் இல்லை என்ற பதில் போனது. வரலாற்று ஆவணத்தை மறைப்பதா என்று சில புகைப்பட விமர்சகர்கள் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதாமல் விட்டதற்கும் அந்தக் குடும்பத்தின் வேண்டுகோள்தான் காரணம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது: உருவப்படத்தால் விழிப்புணர்வு உண்மையில் வருகிறதா? பணம் வரும் என்பதில் சந்தேகமில்லை. 2007இல் வெளியான ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் ஆய்வில், பசியால் வாடும் லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரம் பார்த்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். பெயரும் படமும் உள்ள ஒரே சிறுமியைப் பார்த்தவர்கள் 2.38 டாலர் கொடுத்தார்கள். சிறுமியின் படத்தோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை 1.43 டாலருக்கு இறங்கியது. முகம் மனதைத் திறக்கிறது, அது சரி. ஆனால் எண்களைக் காட்டி யோசிக்கவைத்ததும் அந்த வேகம் தணிகிறது. ஆக்ட் அப் இயக்கத்தினர் கேட்டதோ முகத்துக்கு அப்பால், காரணத்தை யோசிப்பதைத்தான்.

மனநோய் மீதான இழிவுணர்வைக் குறைக்கும் வழிகளைப் பற்றி பாட்ரிக் காரிகன் குழுவினர் 14 நாடுகளின் 72 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட முடிவும் இங்கே பயன்படும். பெரியவர்களிடம், பாடம் நடத்துவதைவிட மனநோயை அனுபவித்தவரோடு ஏற்படும் தொடர்பு நன்றாக வேலை செய்கிறது. பதின்பருவத்தினரிடம் பாடம் கூடுதலாக வேலை செய்கிறது. தொடர்பிலும், காணொளியில் பார்ப்பதைவிட நேரில் சந்திப்பதற்குப் பலன் அதிகம். காணொளியே அப்படியென்றால் அசையாப் படத்தின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். எனவே சுவரில் படம் மட்டும் தொங்கும் கண்காட்சியைவிட, படத்தில் இருப்பவரே வந்து பக்கத்தில் நின்று பேசும் கண்காட்சிக்கு மதிப்பு அதிகம் என்பது என் துணிபு.

படம் காரணத்தையும் சேர்த்துச் சொல்லி, கையில் பலனும் கொடுத்ததற்கு அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரம் உதாரணம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நகரின் குடிநீர் ஆதாரம் மாற்றப்பட்டு, குழாய்களின் ஈயம் தண்ணீரில் கலந்தது. லடோயா ரூபி ஃப்ரேசியர் 2016இல் அங்கே போய், ஷியா காப் என்ற கவிஞரோடும் அவர் குடும்பத்தோடும் மாதக்கணக்கில் இருந்தார். ஷியா அப்போது பள்ளிப் பேருந்தும் ஓட்டினார். மகளுக்குப் பாட்டில் தண்ணீரில் பல் துலக்கக் கொடுப்பதுவரை படத்தில் உண்டு. படங்களை விற்ற பணத்தோடு ஓர் அறக்கட்டளையின் நிதியும் சேர்ந்து, காற்றின் ஈரத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் இயந்திரம் 2019இல் ஃபிளிண்டுக்கு வந்தது. இதற்கு முன் ஃப்ரேசியர் எடுத்தது தன் சொந்தத் தாயையும் பாட்டியையும். எஃகாலை நகரமான பிராடக்கில், ஆலைப் புகையும் நோயும் மூடப்பட்ட மருத்துவமனையும் பின்னணியாக, மகள் தாயை எடுக்க, தாய் மகளை எடுத்த படங்கள் அவை.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக எம். பழனிக்குமாரின் பெயரைச் சொல்லலாம். மதுரை மாவட்டம் ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகன். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழியில் இறங்கி இறந்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து படமெடுத்தவர். பாரி இணைய இதழில் தன் அம்மாவின் உழைப்பையும் படங்களாகச் சொன்னவர். 2022இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதல் வெற்றியாளர். தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கு அவர் தரும் புகைப்படப் பயிற்சியை விருதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். அந்தப் பிள்ளைகள் எடுத்தால் வீட்டின் உள்பக்கம் தெரிகிறது.

கூட்டாகப் படமெடுப்பது நமக்குப் புதுச் சங்கதியும் அல்ல. ஊர் ஸ்டூடியோக்களில் நடந்தது வேறென்ன? எந்தத் திரைச்சீலை, கையில் கடிகாரம் தெரியவேண்டுமா, மனைவி நிற்பதா உட்காருவதா என்று காசு கொடுத்து வந்தவர் சொல்வார். முகத்தில் டச்சிங் செய்வதும் அவர் கேட்டபடிதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சேகரித்திருக்கும் பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களில் ஏழை எளியவர்கூட தான் விரும்பிய தோரணையில் இருக்கிறார். காசு கொடுக்க முடியாதவரை முகாமில் வைத்து எடுக்கும்போதுதான் இந்த மரியாதை காணாமல் போகிறது.

சட்டம் ஓரளவுக்குத் துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் சம்மதமின்றி அவர் படத்தை ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது. அதே ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆனால் சம்மதம் எப்படிப் பெறப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சேர்க்கைப் படிவங்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு தாள், கையெழுத்து போடுங்கம்மா என்ற குரல். சிகிச்சை தருகிற கை நீட்டும் காகிதத்தில் யார்தான் மறுப்பார்? மினமாட்டா குடும்பத்துக்காவது போய்க் கேட்க ஓர் ஆள் இருந்தார். வாட்ஸ்அப்பில் போன படத்தைத் திரும்ப அழைக்க யாராலும் முடியாது.

எனவே மருத்துவமனைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில், ஒரே பக்கத்தில் கொடுங்கள். சிகிச்சை முடிந்து, மறுத்தால் எதுவும் குறையாது என்ற நிலை வந்தபின் கேளுங்கள். எங்கெங்கே வெளிவரும், எத்தனை ஆண்டுக்குப் பயன்படுத்துவோம் என்று எழுதுங்கள். கெடு முடிந்ததும் மறுபடி போய்க் கேளுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அழைக்க ஓர் ஆளின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். முகம் காட்ட விரும்பாதவருக்குக் கை, முதுகு, வீட்டுச் சாமான் என்று வேறு வழிகளைச் சொல்லுங்கள். பிரமுகரின் பெயரைப் போடுமிடத்தில், படத்தில் இருப்பவர் விரும்பினால் அவர் பெயரையும் போடுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்து, இது சரியா என்று கேளுங்கள்.